மலைமேல் மருத்துவமனையைக் கடந்து

எங்கள் ஊரில் எவருக்கேனும் பெருநோய் கண்டால் தீயணைப்பு நிலையத்தில் தக்காளிக் குழம்பு ஊற்றிய ஸ்பகெட்டி விருந்து வைப்பார்கள். சீட்டு விற்ற பணம் மருத்துவமனைக்குப் போகும். உலகிலேயே செல்வம் மிகுந்த நாடு, தன் நோயாளிகளைத் தக்காளிக் குழம்பு விற்றுக் காப்பாற்றுகிறது. இதனை ஊர் ஒற்றுமை என்று மெச்சிக்கொள்கிறோம். எனக்கோ வெட்கக்கேடாகவே படுகிறது.

அந்தச் சனிக்கிழமை நண்பகல் விருந்து, தபால்காரர் மகளின் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக. பரிமாறியவன் வெண்டல். கூரை வேய்பவன், ஒரு காலத்தில் என் மாணவன். என் தட்டருகே அவன் கரண்டி அப்படியே நின்றது. முகம் வெளிறி வியர்த்திருந்தது. இடக்கை வலிக்கிறது, நெஞ்சில் யாரோ ஏறி நிற்பதுபோல் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னான்.

வாசலிலேயே ஆம்புலன்ஸ் நின்றது. அதில் ஏறிக்கொள்ளச் சொன்னேன்.

"வேணாம் சார். அதுல ஏறுனா வர்ற பில்லுக்கு அடுத்த விருந்து எனக்குத்தான் போடணும். என் மூஞ்சிக்கு யாரு சீட்டு வாங்குவா?"

சிரிக்க முயன்றான்; மூச்சு வரவில்லை. அவன் மனைவி நடீனும் நானும் கைத்தாங்கலாக அவனை அழைத்துச் சென்று, ஆம்புலன்ஸைச் சுற்றிக்கொண்டு போய், என் காரின் பின்னிருக்கையில் கிடத்தினோம். நான் ஏன் இணங்கினேன் என்று கேட்பீர்கள். இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம்.

மலைமேல் மருத்துவமனை மிக அருகில் இருக்கிறது. ஆனால் வெண்டலின் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அதற்கும் ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் உள்ளது ஆற்றுக்கு அப்பால், நகரத்தில். முன்பு நடீனின் கை ஒடிந்தபோது மலைமேல் போய்விட்டு, பிறகு வந்த பில்லைக் கட்ட, வேலைக்கு வைத்திருந்த லாரியையே விற்றார்கள். மாதந்தோறும் தவறாமல் கட்டணம் செலுத்துபவன் மருத்துவமனைக் கதவைக் கண்டு நடுங்குவான் எனில், அதற்குப் பெயர் காப்பீடு அன்று.

மலைமேல் போகலாமா என்று கேட்க நடீன் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தாள். இசை ஒலித்தது. எங்கள் அழைப்பு அவர்களுக்கு முக்கியமானது என்று ஒரு குரல் சொல்லிற்று, மீண்டும் இசை. மலைப்பாதைத் திருப்பம் வந்தது. நான் நேரே ஓட்டினேன்.

கண்ணாடியில் அவன் உதடுகள் நீலம் பாரிப்பதைக் கண்டேன். பாலம் கண்ணுக்குத் தெரிந்தபோது அவன் முனகல் நின்றுபோயிற்று. பெயர் சொல்லி அழைத்தேன். பதில் இல்லை. இசை மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. வண்டியைத் திருப்பினேன்.

"திருப்பாதீங்க சார், வீடு போயிரும்" என்று நடீன் என் தோளைப் பற்றினாள்.

"ஆளே போயிருவாம்மா."

மலைமேல் அவனை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். இதயக் குழாயில் இருந்த அடைப்பை நீக்கினார்கள். மாலையில்தான் எங்களை உள்ளே விட்டார்கள். வெண்டல் கண் திறந்திருந்தான்.

"இது எந்த ஆஸ்பத்திரி சார்?"

சொன்னேன். காரில் உயிருக்குப் போராடியபோதுகூட அவன் கண்களில் அத்தகைய பீதியை நான் காணவில்லை. செவிலி அவனைத் தேற்றினாள். அவசரச் சிகிச்சை என்றால் எந்த மருத்துவமனையானாலும் காப்பீட்டு நிறுவனம் செலவை ஏற்றாக வேண்டும், இப்போது சட்டமே அப்படித்தான் என்றாள். அப்படியானால் அந்தத் திருப்பத்தை எதற்காகக் கடந்து போனேன்?

"சட்டம் இருக்கும்மா. வீட்டுக்கு வர்ற கடுதாசி வேற மாதிரி இருக்கும்" என்றான் வெண்டல். அவன் விரல்கள் நெஞ்சில் ஒட்டியிருந்த ஒயரைப் பிய்த்தன. கருவி அலறியது. "ராத்திரி இங்க தங்க மாட்டேன். நான் நல்லாத்தான் இருக்கேன்."

செவிலி பாய்ந்து வந்து அவனைப் படுக்கையில் அழுத்தினாள். நடீன் உதவுவாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் கட்டிலுக்கு அடியில் குனிந்து அவன் காலணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவற்றை அவள் கையிலிருந்து பறித்து, நாற்காலியில் அமர்ந்து, மடியில் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டேன். வெண்டல் கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.