கழுகுக் கண்ணில் ஒட்டிய காகிதம்

டெல்பர்ட்டுக்கு ஐம்பத்தெட்டு வயதில் கண் மங்கியது. வாய் மட்டும் மங்கவில்லை. அமெரிக்காவின் டூசான் நகரத் துப்பாக்கி கிளப்பில் இருபது வருடமாக ஒற்றைக் கண்ணை மூடி, குழல்மேல் இருக்கும் பழைய இரும்புக் குறியை வைத்தே சுட்டவர் அவர். பிஸ்டலில், குறிபார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் ‘ரெட் டாட்’ கண்ணாடி மாட்டியவர்களைப் பார்த்து, “பொம்மை வச்சு விளையாடுறானுங்க” என்று அவர் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இப்போது அதே பொம்மையை அவரே வாங்கி மாட்டியிருந்தார். மாட்டி என்ன புண்ணியம்? பிஸ்டலைத் தூக்கினால் சிவப்புப் புள்ளியைக் காணோம். அதைத் தேடிக் குழலை ஆட்டி முடிப்பதற்குள் மற்றவர்கள் சுட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள்.

மாநிலப் போட்டிக்குப் போகும் அணியில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம். அணித்தலைவி அவருடைய தங்கை நோரீன்.

“அண்ணே, வர்ற ஞாயிறு நல்லா சுட்டா அணியில வா. இல்லேன்னா எங்ககூட வந்து ஓட்டை அடை” என்றாள், டார்கெட் அட்டையின் ஓட்டைகளை மூடும் பழுப்புப் பசைக் காகிதச் சுருளை ஆட்டிக்கொண்டே. “இதுல ஒண்ணைக் கிழிச்சுக் கண்ணாடிக்கு முன்பக்கம் ஒட்டிப் பழகு. ரெண்டு கண்ணையும் திறந்துக்க. வலது கண்ணு புள்ளியைப் பார்க்கும், இடது கண்ணு டார்கெட்டைப் பார்க்கும். நீ டார்கெட்டை மட்டும் பாரு, புள்ளி தானா வந்து உக்காரும்.”

“எனக்கா? கழுகுக் கண்ணுடி எனக்கு! போய் உன் வேலையைப் பாரு!” என்றார் கிளப் முழுக்கக் கேட்கும்படி.

அன்றைக்கே ஒரு துண்டைத் திருட்டுத்தனமாகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு, அதைக் கண்ணாடியில் ஒட்டி, குண்டில்லாத பிஸ்டலோடு வாரம் முழுக்கப் பழகினார்.

ஞாயிறு வந்தது. நடுவர் சொல்லும்வரை யாரும் உறையிலிருக்கும் பிஸ்டலைத் தொடக் கூடாது, தொட்டால் அத்தோடு வீடுதான். அவர் முறை வந்ததும், “தயாராகு” என்றார் நடுவர் கஸ். டெல்பர்ட் பிஸ்டலை எடுத்து உயர்த்தினார். கண்ணாடி முழுக்கப் பழுப்பு.

அடக் கடவுளே, காகிதத்தை உரிக்க மறந்தாச்சே!

அப்போதே உரித்திருக்கலாம், எந்த விதியும் தடுக்கவில்லை. ஆனால் முதுகுக்குப் பின்னால் நோரீன் நிற்கிறாள், கிளப்பே நிற்கிறது. உரித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அணியில் இடம் போனாலும் போகட்டும், மானம் போகக் கூடாது என்று குண்டை ஏற்றி உறையில் வைத்துவிட்டார்.

சுடச் சொல்லி மணி கத்தியது. பதற்றத்தில் பழைய வழக்கப்படி இடது கண்ணை மூடிக்கொண்டார். டார்கெட்டே தெரியவில்லை. முதல் குண்டு பின்னாலிருந்த மண்மேட்டுக்குப் போனது. வேறு வழியில்லாமல் இரண்டு கண்ணையும் திறந்து டார்கெட்டை முறைத்தார். புள்ளி சமர்த்தாக வந்து அதன் நடுவில் உட்கார்ந்தது. அப்புறம் ஒரு குண்டுகூடத் தப்பவில்லை. இந்த வருடத்தில் அவர் இவ்வளவு வேகமாகச் சுட்டதே இல்லை.

அவர் பிஸ்டலைக் காலி செய்து காட்டும்போது கஸ் குனிந்து எட்டிப் பார்த்தார்.

“டெல்பர்ட், உன் கழுகுக் கண்ணுல என்னமோ ஒட்டியிருக்கேப்பா!”

கிளப்பே விழுந்து விழுந்து சிரித்தது. டெல்பர்ட்டுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை என்பது வேறு விஷயம்.

நோரீன் சிரிப்பில் கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “அணியில நீதான்” என்று சொல்லிக் காகிதச் சுருளை அவர் கையில் திணித்தாள். “ஆனா இந்தச் சுருள் எப்படியும் உன்கூடத்தான் வரும், அண்ணே.”

டெல்பர்ட் சுருளை வாங்கிக்கொண்டு, தான் போட்ட ஓட்டைகளை அடைக்கப் போனார்.