பத்தொன்பது வளையங்கள்

சைலஸ் ஹேகர்ட் கோடரியோடு ஊற்றங்கரைக்கு வந்துவிட்டான் என்று அப்பா கத்தியபோது கெட்டூரா சோளமாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையைக்கூடக் கழுவவில்லை. கதவுக்கு மேலே மாட்டியிருந்த துப்பாக்கியை எடுத்தாள். விறகுக் குவியலில் கிடந்த கோடரியையும் பிடுங்கிக்கொண்டாள்.

"மரத்த வெட்டிப்புட்டான்னா போச்சு மகளே! திங்கக்கிழமை நீதிபதிகிட்ட காட்ட நமக்கு என்ன இருக்கும்? மண்ணாங்கட்டிதான்!" என்று ஜோத்தம் கிழவர் நொண்டிக்கொண்டே பின்னால் வந்தார்.

எங்கள் லிக்கிங் ஆற்றுப் பக்கத்தில் நிலம் யாருடையது என்பதை மரம்தான் சொல்லும். காகிதத்தில் வர்ஜீனியாக்காரன் ஆயிரம் எழுதுவான், யாருக்கு வேண்டும்? முதலில் வந்தவன் ஊற்றுக்குப் பக்கத்து மரத்தின் பட்டையைச் செதுக்கி, தன் பெயரின் முதலெழுத்துகளைக் கட்டையில் வெட்டி வைப்பான். நிலம் அவனுடையது. பிற்பாடு தகராறு வந்தால் அந்த இடத்தைத் துண்டாக வெட்டியெடுத்து, எழுத்தின் மேல் மூடி வளர்ந்த வளையங்களை எண்ணுவார்கள். வருஷத்துக்கு ஒன்று. அதோடு வழக்கு முடிந்தது.

ஜோத்தம் குடும்பத்தோடு இங்கே வந்தது ஆயிரத்து எழுநூற்று எழுபத்தெட்டாம் வருஷம். கெட்டூராவுக்கு அப்போது ஏழு வயது. ஊற்றடியில் நின்ற வெள்ளை ஓக் மரத்தில், வீட்டைப் பார்த்த பக்கத்தில், அப்பா எழுத்து வெட்டியதைக் கூடவே நின்று பார்த்தவள் அவள். பதினேழு வருஷமாயிற்று. அவள் புருஷன் எஃப்ரெய்ம் மரம் சாய்ந்து செத்தது இந்த நிலத்தில்தான். இரண்டு வயதுப் பிள்ளை காய்ச்சலில் போனதும் இங்கேதான். இரண்டு பேரையும் மேட்டில் அவளே குழி தோண்டிப் புதைத்தாள். அந்த மேட்டை எவனோ உழுது சோளம் போடுவதா? அவள் உயிரோடு இருக்கும்வரை நடக்காது.

போன மாதம்தான் சைலஸ் வர்ஜீனியாவிலிருந்து பெண்டாட்டி பிள்ளைகளோடு வண்டி கட்டி வந்து, ஆற்றுத் துறையில் தங்கினான். தன் அண்ணன் ரூபன் எழுபத்தாறிலேயே இந்த ஊற்றைப் பிடித்துவிட்டான் என்று வழக்குப் போட்டான். ஜோத்தம் காறித் துப்பினார். "ரூபன் இந்தப் பக்கம் சும்மா சுத்திட்டுத் திரிஞ்சவன். ஒரு குச்சியக்கூட வெட்டல. ஷானிக்காரனுங்க கொன்னுபோட்டானுங்க, ஊருக்கே தெரியும்." தெரியும்தான். அதற்குப் பழி வாங்க ஊர் ஆட்கள் ஆறு தாண்டிப் போய் ஷானி செவ்விந்தியர் கிராமம் ஒன்றையே கொளுத்தினார்கள். தாயும் பிள்ளையுமாக வெந்தார்கள்.

கெட்டூரா போய்ச் சேர்ந்தபோது சைலஸ் மரத்தின் மறுபக்கம், ஊற்றைப் பார்த்த பக்கத்தில் நின்றான். இரண்டு வெட்டு விழுந்திருந்தது.

"மரத்த விட்டுத் தள்ளு!" கெட்டூரா துப்பாக்கியை நீட்டினாள்.

"சாய்க்க வரல அம்மணி. இங்க ஒரு வீக்கம் இருக்கு பாரு. உள்ள எங்கண்ணன் எழுத்து இருக்கும். திங்கக்கிழமைக்குள்ள உங்கப்பன் ஏதாச்சும் பண்ணிப்புடுவான்னுதான் வந்தேன்."

"திருட்டு நாயே, எங்கப்பனயா சொல்ற?"

விசையை இழுத்தாள். பொறி பறந்தது, வெடிமருந்து பற்றவில்லை. அவன் பாய்ந்து துப்பாக்கியைப் பிடுங்கி, அதன் கட்டையால் அவள் தாடையில் ஒன்று போட்டான். வாயெல்லாம் ரத்தம். அவள் விழுந்ததைப் பார்த்ததும் அவனுக்கே பதறிவிட்டது.

"போதும் தாயே, எந்திரி." துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டுக் கையை நீட்டினான்.

அவள் பக்கத்தில் கிடந்த தன் கோடரியை எடுத்து வீசினாள். முதல் வெட்டு முழங்காலில் இறங்கியது. அவன் குனிந்து அலறினான். இரண்டாவது கழுத்தில். அவன் சாய்ந்தான். கால்கள் மட்டும் கொஞ்ச நேரம் சருகை உதைத்துக்கொண்டிருந்தன.

ஜோத்தம் வந்தார். பிணத்தை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். "சுள்ளி பொறுக்கு. மரத்த அடியோட கொளுத்திடலாம். இவன்தான் தீ வெச்சான்னு சொல்லிக்கலாம்."

"நம்ம சாட்சிய நாமளே எதுக்குப்பா கொளுத்தணும்?"

"சொன்னதச் செய்டீ!"

அவர் கண் தன் எழுத்து இருந்த பக்கம் போகவேயில்லை. அந்த வீக்கத்திலேயே இருந்தது. கெட்டூரா அதைக் கவனித்துவிட்டாள். எழுந்து, சைலஸ் வெட்டிய இடத்திலேயே ஓங்கி வெட்டினாள். கிழவர் அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்தார். முழங்கையால் அவர் நெஞ்சில் இடித்துத் தள்ளிவிட்டு மறுபடி வெட்டினாள். துண்டு பெயர்ந்தது. பிளந்தாள். உள்ளே, கறுத்த பழைய கட்டையில், ரூபன் ஹேகர்ட்டின் இரண்டு எழுத்துகள் பளிச்சென்று இருந்தன.

ரத்தம் ஒட்டிய நகத்தால் எண்ணினாள். பத்தொன்பது. மறுபடி எண்ணினாள். பத்தொன்பதேதான். அப்பா வருவதற்கு இரண்டு வருஷம் முந்தைய எழுத்து.

"ரூபன் எங்கப்பா?"

"உங்கள ஆத்துத் துறையில விட்டுட்டு நான் முன்னால வந்தப்ப இங்கதான் குடிசை போட்டிருந்தான். போடான்னேன், போகல. குளிர்காலம் வருது, நீயும் உங்கம்மாவும் பட்டினி. நான் என்னடீ பண்ண?"

"ஷானிக்காரனுங்கன்னு சொன்னியே! அந்தக் கிராமம்?"

"யாரு மேலயாவது சொல்லணும்ல."

ஐயோ கடவுளே! எத்தனை குளிர்காலம் கணப்பருகே உட்கார்ந்து இந்த ஆள் குடும்பக் கதை சொல்லியிருப்பார், அவள் வாயைப் பிளந்து கேட்டிருப்பாள்!

துறைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "சைலஸ்! எங்கய்யா இருக்கீரு?" அவன் மனைவி டார்க்கஸ் மேடேறிக்கொண்டிருந்தாள்.

ஜோத்தம் துப்பாக்கியை எடுத்து அதன் மருந்துக் கிண்ணியில் புது வெடிமருந்து போட்டார். "இவ பாத்துட்டாள்னா நீ தூக்குல தொங்குவ. அன்னிக்கு ஒருத்தன், இன்னிக்கு இவ. அதோட தீந்துது."

"பிள்ளைங்க?"

"சின்னதுங்க. காடு பாத்துக்கும்."

அவர் குறி பார்த்தார். கெட்டூரா கோடரியை ஓங்கி இறக்கினாள். துப்பாக்கியோடு அவர் வலது கையும் மணிக்கட்டிலிருந்து புல்லில் விழுந்தது. கிழவரின் ஊளை காதைப் பிளந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மரத்துண்டைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கி, அதை டார்க்கஸின் கையில் வைத்தாள்.

"எண்ணிக்கோ. பத்தொம்போது இருக்கும். நிலம் உங்களுது."

டார்க்கஸ் கெட்டூராவின் பாவாடையிலிருந்த ரத்தத்தைப் பார்த்தாள். "அவரு எங்க?"

"மரத்தடியில கெடக்காரு. அவரு பொய் சொல்லல. என்னத் தூக்கிவிடத்தான் கைய நீட்டுனாரு. நான்தான் வெட்டுனேன்." கெட்டூரா மேட்டைக் காட்டினாள். "மேட்டுல ரெண்டு குழி இருக்கு. அத மட்டும் உழுதுடாத."

 டார்க்கஸ் மரத்துண்டை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, அவள் முகத்தில் அடித்தாள். மறுபடியும் அடித்தாள். கெட்டூரா கையை உயர்த்தவே இல்லை.