விருப்பப் படிப்பு

சவப்பெட்டியின் மூடியைத் திறக்கப்போன அத்தையின் கையை ஜாபஸ் சித்தப்பா பிடித்து இழுத்தார்.

"தொறக்காதக்கா. ஆஸ்பத்திரில கண்டிஷனா சொல்லிகீறாங்கோ."

"எந்தம்பி மூஞ்சிய ஒருவாட்டி பாக்கக் கூடாதா? இன்னாடா அநியாயமா கீது!"

நாய்க்கடியில் வந்த சாவு என்று சேக்காட்டில் அந்தத் தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. பந்தலில் பாதி நாற்காலிகள் காலி. வந்தவர்களும் எட்ட நின்றே மாலையைப் பெட்டிமேல் போட்டார்கள். இறந்த ராயப்பனோடு பாடித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் லேத் ஓட்டிய டில்லிபாபு மட்டும் பெட்டியில் நெற்றியை வைத்து அழுதார். பிறகு, பக்கத்தில் நின்றிருந்த ஹெலினாவிடம் வந்தார்.

"உங்கப்பன் கேண்டீன்ல வேற பேச்சே பேச மாட்டாம்மா. எம்பொண்ணு மாட்டு டாக்டராவப் போவுது, பயாலஜில தொண்ணூத்தெட்டுன்னு சொல்லிகினே இருப்பான். அத மட்டும் வுட்றாத."

ஹெலினா தலையாட்டினாள்.

அத்தையின் கோபம் இப்போது லூர்தம்மாள் பக்கம் திரும்பியது. "புருசன நாய் கடிச்சிகீது. ஒரு ஊசி போட இட்டுகினு போவத் தெரியல. இன்னாடி பொம்பள நீ?"

லூர்தம்மாள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெலினா இரண்டு முறை பேச வாயெடுத்தாள். அத்தை அவளுக்கு விழ வேண்டியதையும் சேர்த்து அம்மாவைத் திட்டித் தீர்த்தாள்.

ஏப்ரலில், ப்ளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு, பால் பூத் ஓரம் கிடந்த நாய்க்குட்டியைத் தூக்கி வந்தது ஹெலினாதான். பால் ஊட்டப்போன அப்பாவின் கட்டைவிரலில் அது பல்லைப் பதித்தது. ஒரே ஒரு சொட்டு ரத்தம். அம்மா அப்போது கோயிலுக்குப் போயிருந்தாள்.

"இன்னா டாக்டரம்மா, ஊசி போட்டுக்கணுமா?" அப்பா பாதி விளையாட்டாகத்தான் கேட்டார்.

"குட்டிப்பா அது. பல்லே இன்னும் முழுசா மொளைக்கல. சோப்பு போட்டுக் கழுவுங்க, போதும்."

அவர் கழுவிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அதற்கப்புறம்தான் அவள் செல்போனில் தேடிப் படித்தாள். கடித்த நாய் பத்து நாள் நன்றாக இருந்தால் பயமில்லை என்று போட்டிருந்தது. நாட்களை எண்ணினாள். ஆறாம் நாள் காலை, குட்டி வாயில் நுரையோடு விறைத்துக் கிடந்தது.

அதைச் சிமெண்டுச் சாக்கில் சுருட்டிக் காலி மனையில் புதைத்தாள். தெரிந்தால் அம்மா இனி வீட்டுக்குள் எந்த நாயையும் விடமாட்டாள், மாட்டு டாக்டர் படிப்புக்கும் விடமாட்டாள். பருத்திப்பட்டில் இருக்கும் தோழி ஒருத்தி குட்டியை வாங்கிப் போய்விட்டதாக வீட்டில் சொன்னாள்.

"நல்லா பாத்துக்குவாங்களா?" என்று கேட்டார் அப்பா.

ஜூன் முதல் வாரம், அவர் தண்ணீர் டம்ளரைக் கண்டு அலறினார். மூன்றே நாள்.

கல்லறையில் பாதர் ஜெபத்தைச் சீக்கிரமே முடித்தார். வீடு திரும்பியதும் அம்மா ஹெலினாவை உள்ளறைக்கு அழைத்துக் கதவைத் தாழிட்டாள்.

"மாட்டு டாக்டர் படிப்புக்கு இன்னிக்குத்தான கடைசி நாளு?"

"அது வேணாம்மா. வேலப்பன்சாவடில ஏதாவது ஒரு காலேஜ்ல பி.காம் சேர்ந்துக்கறேன்."

அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரில கட்டிப் போட்டிருந்தாங்களே, நடுவுல கொஞ்சம் தெளிஞ்சி பேசினாரு. நாய் கடிச்சப்போ ஹெலினாவத்தான் கேட்டேன், ஒண்ணுமில்லன்னிச்சி. சின்னப் புள்ள, அது இன்னா பண்ணும். அதுங்கிட்ட ஒண்ணும் கேக்காதன்னாரு. எங்கிட்ட சத்தியம் வாங்கினாரு."

ஹெலினா சுவரோடு ஒட்டி நின்றாள்.

"நான் கேக்கறேன். அந்தக் குட்டி எங்க கீது?"

வெளியே யாரோ காபி டம்ளர்களை அடுக்கும் சத்தம் கேட்டது.

"செத்துட்சிம்மா."

"எப்போ?"

"கடிச்ச ஆறாம் நாளு."

லூர்தம்மாள் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அடி விழும் என்று ஹெலினா காத்திருந்தாள். விழவில்லை.

"லாப்டாப்ப எடு."

"என்னால முடியாதும்மா. நாயப் பாத்தாலே உடம்பெல்லாம் நடுங்குது."

"அதுக்குத்தான் சொல்றேன். நீ அதத்தான் படிக்கணும். தெனம் காலைல எழுந்து போயி நாய் வாயில கைய வுடணும். வுடறப்போல்லாம் அந்த மனுசன் தண்ணி கேட்டுட்டு தண்ணியப் பாத்துக் கத்தினது காதுல கேக்கணும். நான் செத்தாலும் ஒனக்குக் கேக்கணும்."

ஹெலினா லாப்டாப்பைத் திறந்தாள். தந்தை பெயர் வரை அடித்தாள். அடுத்த கட்டத்தில் விரல் நின்றுவிட்டது.

"இன்னா கேக்குது?"

"அப்பா உயிரோட இருக்காரான்னு."

"இல்லன்னு அமுக்கு."

அமுக்கினாள். பாடப்பிரிவுகள் வந்தன. கால்நடை மருத்துவத்துக்குக் கீழே பால்வளம், கோழியினம், உணவுத் தொழில்நுட்பம் என்று வரிசையாக இருந்தது. அவள் பால்வளத்தின் மேல் அம்புக்குறியை நகர்த்தினாள்.

"ரெண்டாவது விருப்பம்னு இதையும் போட்டுக்கறேம்மா. நாயே வராது இதுல."

"மேல கீறது மட்டும் போதும்."

விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததாகத் திரையில் வந்ததும் அம்மா கண்ணைச் சுருக்கி அதை ஒருமுறை படித்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"எம்பொண்ணு டாக்டர் படிப்புக்குப் போட்டுட்டா" என்றாள் கூடத்தில் இருந்தவர்களிடம். "அவரு ஆசப்பட்டது."

அத்தை எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "ஒன்னப் போயி வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே. இந்த மனசு யாருக்குடி வரும்?"

பக்கத்து வீட்டு நாகவல்லி பெரிய அடுக்கில் சோறு கொண்டு வந்திருந்தாள். மூன்று நாளாக எதுவும் சாப்பிடாத லூர்தம்மாள் கையைக் கழுவிக்கொண்டு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டாள். வாசற்படியில் நின்ற ஹெலினாவை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. தட்டை மட்டும் நாகவல்லி பக்கம் நகர்த்தினாள்.

"இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துக்கா."