முகம் பார்த்துக் கொடுப்பதில்லை

வாரத்தில் ஆறு நாள் சலவைக் கடைக் கவுன்ட்டரில் நிற்பதால் அவருக்கு லாண்டரியக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஏழாம் நாள் அவர் தேவாலயத்தின் பின்பக்கக் கூடத்தில், ஞாயிறு வகுப்பின் வாசலில் நிற்பார். ஆராதனைக்கு முன் பெற்றோர் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள், முடிந்ததும் கூட்டிப் போவார்கள். அறுபத்து மூன்று பிள்ளைகள். யார் யாருடைய பிள்ளை, யாருக்கு வேர்க்கடலை ஆகாது, எந்தப் பிள்ளை கழிவறைக்குப் போகணும் என்று வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படும் என்பது வரை எல்லாம் அக்காவின் தலைக்குள் இருந்தது. "எனக்கு எதுக்கு நோட்டு? முகத்தப் பாத்தா போதும்" என்பார். பதினெட்டு வருஷம் ஒரு பிசகு இல்லாமல் நின்றவர் கொஞ்சம் பெருமை பேசினால்தான் என்ன?

அந்தப் பெருமைக்கு இரண்டு மாதம் முன்பு சரியான அடி விழுந்தது. பாடகர் குழுவில் பாடும் பாட்டு டீச்சரின் நாலு வயது மகளைக் கூட்டிப் போக அவள் சித்தப்பா வந்தார். அவர் ஆராதனையில் டிரம் வாசிப்பவர். அவரைத் தெரியாதவர் சபையிலேயே கிடையாது. அக்கா சிரித்த முகமாகப் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தார். டீச்சர் வந்து கேட்டபோது, "சித்தப்பாதான் கூட்டிட்டுப் போனாரு" என்று நிதானமாகவே சொன்னார். ஆனால் சித்தப்பாவைக் காணோம். அவருடைய போன் டிரம்முக்குப் பக்கத்தில் கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. சாலை, வாகன நிறுத்துமிடம், பக்கத்துக் கடைகள் என்று எங்கே தேடியும் இல்லை. டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்பது நிமிஷம் கழித்து, மூக்கு நுனியில் ஐஸ்கிரீமோடு பிள்ளையும், ஒன்றுமே அறியாத சித்தப்பாவும் வந்து சேர்ந்தார்கள்.

டீச்சர் சித்தப்பாவை ஒன்றும் சொல்லவில்லை. நேரே அக்காவிடம் வந்தார். "உங்க கடையில டோக்கன் இல்லாம ஒரு கைக்குட்டையக் குடுப்பீங்களாக்கா? எம்பிள்ளைய மட்டும் எப்படிக் குடுத்தீங்க?"

அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. கடையில் சொந்தக் கணவரின் சட்டையையே டோக்கன் இல்லாமல் கொடுக்காதவர் அவர். மனுஷன் ஒருமுறை பனியனோடு கல்யாணத்துக்குப் போகவிருந்தார்.

அடுத்த ஞாயிறு முதல் டீச்சர் பிள்ளையை வகுப்பில் விடவில்லை. பாடும்போதும் மடியிலேயே வைத்துக்கொண்டார். அதைப் பார்த்துப் பார்த்து அக்கா நொந்து போனார். கடைசியில் போதகரிடம் போய், "வாசலுக்கு வேற ஆளப் பாருங்கய்யா" என்றார்.

"ஆள மாத்தி என்னம்மா செய்யறது? முறையத்தான் மாத்தணும். அது எந்த முறைன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. அப்புறம் நிக்கறதா வேணாமான்னு முடிவு பண்ணிக்கலாம்" என்றார் போதகர்.

முதலில் போனில் வேலை செய்யும் முறை வந்தது. பெற்றோரின் போனுக்கு ஒரு குறியீடு வரும், அதைக் காட்டிப் பிள்ளையைக் கூட்டிப் போகலாம். போனை அணைத்து வையுங்கள் என்று போதகர் வருஷக் கணக்கில் கெஞ்சியும் கேட்காத சபை, அன்றைக்குப் பார்த்துக் கேட்டுத் தொலைத்தது. ஆராதனை முடிந்ததும் கூடத்து வாசலில் நாற்பது பேர், போன் உயிர் பெறுவதற்காகக் கைபிசைந்து நின்றார்கள். போதகர் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் நின்றார்.

அடுத்து முகத்தை அடையாளம் காணும் இயந்திரம். விற்பனைக்காரர் ஒரு சனிக்கிழமை அதைக் கொண்டுவந்து மேசைமேல் நிறுத்தினார். குடும்பத்தார் படங்களை ஏற்றிவிட்டால் போதுமாம், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளுமாம். சோதித்துப் பார்க்கச் சித்தப்பாவே முன்வந்தார். பாவம், எதையாவது செய்து பழியைக் கழுவத் துடித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைக் கண்டதும் பச்சை விளக்கு எரிந்தது. 'உறவினர், அனுமதி' என்று எழுத்து ஓடியது. போதகர் கைதட்டியே விட்டார்.

அக்கா தட்டவில்லை. "ஐயா, இவரு யாருன்னு எனக்கும்தான் தெரிஞ்சுது. அன்னிக்குப் பிள்ளையக் கூட்டிட்டுப் போக அம்மா சொல்லி அனுப்பினாங்களாங்கறதுதான் தெரியல. அது இந்த மெஷினுக்கும் தெரியல. நான் பண்ணுன தப்ப என்னைவிட வேகமாப் பண்ணுது, அவ்வளவுதான்."

"யாரு வரலாம்னு ஒவ்வொரு வாரமும் பெத்தவங்க போன்லயே மாத்திக்கலாங்க" என்றார் விற்பனைக்காரர்.

"மறுபடியும் போனா!" என்று போதகரே தலையில் கை வைத்தார்.

மூன்றாவதைத்தான் யாரும் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. ஒரு சின்ன அச்சு இயந்திரம், அவ்வளவே. பிள்ளையின் பெயரும் ஓர் எண்ணும் போட்டு ஒட்டுச்சீட்டு வரும். கொண்டுவந்து விட்டவர் கையில் அதே எண்ணோடு இன்னொரு சீட்டு. வாரத்துக்கு வாரம் எண் மாறும். அக்கா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஆகாத உணவின் பெயரையும் அதிலேயே அடிக்க முடியுமா என்று கேட்டார். சீட்டை முதுகில் ஒட்ட வேண்டும், நெஞ்சில் ஒட்டினால் பாட்டு முடிவதற்குள் பிய்த்துவிடுவார்கள் என்றார். சீட்டு தொலைந்தால் பெற்றவர் கையெழுத்துப் போட்டு, ஒரு சாட்சியோடுதான் கூட்டிப் போக வேண்டும் என்று விதியும் எழுதினார்.

"பெத்த தாய்கிட்டயே சீட்டுக் கேட்டா மனசு நோகாதா?" என்று போதகரின் மனைவி தயங்கினார்.

"நோகட்டும்மா. ஒருத்தர்கிட்ட கேக்காம விட்டா, அடுத்தவர்கிட்ட எந்த முகத்தோட கேப்பேன்?"

புதிய முறையின் முதல் ஞாயிறு. டீச்சர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். பிள்ளையின் முதுகில் அக்கா சீட்டை ஒட்டினார், மற்றதை டீச்சர் வாங்கிக்கொண்டு, பாடகர் குழு பாடும் மாடிக்கு ஏறிப் போனார். அக்காவுக்கு அன்று வகுப்பில் என்ன நடந்தது என்றே நினைவில்லை. கண் முழுக்க அந்தப் பிள்ளைமேல்தான் இருந்தது.

முடிந்ததும் முதல் ஆளாக வந்து நின்றவர் டீச்சர். கையில் சீட்டு இல்லை.

"எங்கயோ வெச்சிட்டேன்க்கா."

பின்னால் நீண்ட வரிசை. உள்ளேயிருந்து "அம்மா!" என்று பிள்ளை ஓடிவந்தது. அக்கா குறுக்கே கையை நீட்டி மறித்தார்.

"நான் அவ அம்மாக்கா. உங்களுக்குத் தெரியாதா?"

"நல்லாத் தெரியும் டீச்சர். சீட்டு இல்லாம விடமாட்டேன். அப்படி உக்காருங்க, கையெழுத்து வாங்கிட்டுச் சாட்சியோட அனுப்பறேன்."

பிள்ளை அழத் தொடங்கியது. "விட்டுடுங்கக்கா, பாக்கறவங்க என்ன நினைப்பாங்க" என்று போதகரின் மனைவி காதோரம் முணுமுணுத்தார். இந்தத் தாய் இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் பார்க்கமாட்டாள் என்று அக்காவுக்குத் தோன்றியது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

டீச்சர் மூடியிருந்த விரல்களை மெல்லத் திறந்தார். வியர்வையில் நனைந்து, நாலாக மடிந்து உள்ளங்கையில் கிடந்தது சீட்டு.

"இருக்குக்கா. கேப்பீங்களான்னு பாக்கணும்போல இருந்துச்சு."

சொல்லும்போதே அவர் கண் நிறைந்துவிட்டது. அக்கா அப்போதும் அவசரப்படவில்லை. சீட்டைப் பிரித்து, பிள்ளையைத் திருப்பி நிறுத்தி, இரண்டு எண்களையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். பிறகுதான் கையை எடுத்தார்.

"அடுத்த வாரமும் கேப்பேன்."

"கேளுங்கக்கா. நீங்க கேட்டாத்தான் நான் மேல நிம்மதியாப் பாடுவேன்."

பதினெட்டு வருஷத்தில் அக்காவை எத்தனையோ பேர் புகழ்ந்திருக்கிறார்கள். இப்படி உச்சி குளிர்ந்ததில்லை. முந்தானையால் முகத்தை ஒரு துடை துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"வரிசையில நிக்கறவங்க எல்லாரும் சீட்டக் கையில எடுத்து வெச்சுக்கங்க!" என்ற அவர் குரல் கூடத்தின் கடைசி வரை கேட்டது.