ஒன்றாம் ஸ்டூடியோவின் கதவு

கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இல்லை என்பதை மைக் ஐயா கண்டுகொண்டபோது மணி இரண்டு ஐம்பது.

கைப்பிடி இருந்த இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள்தான் இருந்தன. காலையில்தான் அதைக் கழற்றியிருந்தார்கள். எதிரே கட்டியிருக்கும் புதுக் கட்டடத்தின் வரவேற்பறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், வெல்வெட் துணிமேல் அந்தப் பித்தளைக் கைப்பிடி சொகுசாகப் படுத்திருந்தது. பக்கத்தில் ஓர் அட்டை: 'முப்பத்து நான்கு ஆண்டுகள் ஐயாவின் கைபட்ட கைப்பிடி.' அதைப் படித்துக் காலையில் அவரே கண் கலங்கினார். இது இங்கே இருந்தால் அங்கே கதவை எப்படித் திறப்பது என்று ஒரு கேள்வி அப்போது தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை. பாராட்டு விழா என்றால் யாருக்குத்தான் மூளை வேலை செய்கிறது?

மைக் ஐயா என்பது ஊர் வைத்த பெயர். வானொலியைத் திருகினால் தலைநகரத்துப் பேச்சு மட்டுமே கேட்ட காலத்தில், குடை ரிப்பேர் கடைக்கு மேலே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, சுவரெல்லாம் கம்பளி அடித்து, கையால் செய்த டிரான்ஸ்மிட்டரை வைத்துக்கொண்டு, 'நம்ம பேச்சுல நாலு வார்த்தை' என்று ஆரம்பித்தவர் அவர். முதல் நாள் ஒலிபரப்பு நான்கு தெரு தாண்டவில்லை. ஐந்தாவது தெருக்காரர்கள் மறுநாள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அப்படித் தொடங்கியது வளர்ந்து இந்த நிலையமாகி, இதுவும் போதாமல் எதிரே நான்கு மாடி எழும்பிவிட்டது. இன்று நான்கு மணிக்குத் திறப்பு விழா. கட்டடத்துக்கு அவர் பெயரையே வைக்கிறார்கள்.

எழுபத்தொன்பது வயதில் ஒரு மனிதருக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று கேட்பீர்கள். அவருக்கு வேண்டியது மூன்று மணிக்கு வருவதாக இருந்தது.

மகள் நேற்று போனில் சொன்னாள். "மூணு மணிக்கு ரேடியோ ஸ்டேஷன் வாசல்ல இருப்பேன். மூணே முக்காலுக்கு எனக்கு அடுத்த பஸ். விழாவுக்கெல்லாம் இருக்க முடியாதுப்பா. ஒரு அரை மணி நேரம் பேசிட்டுப் போயிடறேன்."

"வாசல்லயே நிக்கறேம்மா."

"நிக்கணும்பா."

அந்த 'நிக்கணும்' என்ற சொல்லை அவர் இரவெல்லாம் தனக்குள் சொல்லிப் பார்த்தார். மகளைப் பார்த்து ஒன்பது வருடம் ஆகிறது. வருடத்துக்கு இரண்டு முறை போன். அவர் உடம்பைப் பற்றி ஒரு நிமிடம், மழையைப் பற்றி ஒரு நிமிடம், அவ்வளவுதான். அடுத்த மாதம் குடும்பத்தோடு கடல் கடந்து போகிறாள். இந்த அரை மணி நேரம் தவறினால் இன்னொரு அரை மணி நேரம் அவர் ஆயுளில் மிச்சம் இருக்குமா என்பது சந்தேகம்.

இவ்வளவு தெரிந்தும் இரண்டரை மணிக்கு இந்த அறைக்குள் வந்து உட்கார்ந்தாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கூப்பிட்டவன் ஃபியூஸ். இருபது வருடமாக நிலையத்தின் டெக்னீஷியன். தொட்டதெல்லாம் ஒருமுறையாவது அணைந்துவிடும் என்பதால் அந்தப் பெயர்.

"ஐயா, ரெண்டே வரி. பழைய மைக் முன்னாடி உக்காந்து ஒரு வணக்கம் சொல்லிட்டீங்கன்னா மேடைல போட்டுடலாம். சும்மா அஞ்சு நிமிஷம்."

மைக் என்றதும் கிழவருக்குக் கால் தரையில் பாவவில்லை. செல்போனை வெளியே இருந்த கூடையில் போட்டார். ஸ்டூடியோவுக்குள் போன் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். உள்ளே பதிவு நடக்கிறது என்று காட்ட, ஃபியூஸ் வெளியே கதவுக்கு மேலே இருந்த சிவப்பு விளக்கைப் போட்டான். அவர் இரண்டு வரியை எட்டு வரியாக்கிச் சொல்லி முடித்தபோது, விழா மேடையில் ஒலிபெருக்கி ஊளையிடுகிறது என்று யாரோ வந்து கூப்பிட்டார்கள். "இதோ வந்துடறேன் ஐயா" என்று ஃபியூஸ் விளக்கைக்கூட அணைக்காமல் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினான். தானே சாத்திக்கொள்ளும்படி எடைக்கல் கட்டிய கதவு சாத்திக்கொண்டு கொக்கி விழுந்தது; கைப்பிடியைத் திருகினால்தான் அது விலகும். எடைக்கல்லைக் கட்டச் சொன்னவரும் அவர்தான்.

தட்டிப் பார்த்தார். இரண்டு பலகைக்கு நடுவே மரத்தூள் அடைத்து, ஓரமெல்லாம் ரப்பர் ஒட்டிய கதவு. தலையணையைக் குத்துவதுபோல் இருந்தது. கத்திப் பார்த்தார். 'வெளியே இடி விழுந்தாலும் உள்ளே கேட்கக் கூடாது' என்று தச்சரின் உயிரை எடுத்துக் கட்டிய அறை அது. உள்ளே ஒரு மனிதன் கத்தினால் வெளியே மட்டும் எப்படிக் கேட்கும்? பக்கத்து அறையோடு பேசும் கருவியையும் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். மேஜையில் நான்கு ஒயர்கள் வாலை நீட்டிக்கொண்டு கிடந்தன.

கதவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. அதில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார்.

முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற அறிவிப்பாளர் அம்மாள். மைக் ஐயா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். அம்மாள் நின்றாள். மேலே சிவப்பு விளக்கைப் பார்த்தாள். கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். முகமெல்லாம் பூரித்துப்போய், நெஞ்சில் கை வைத்து, பின்னால் வந்தவர்களை 'உஷ்' என்று அடக்கிவிட்டு நுனிக்காலில் நடந்து போனாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மைக் முன்னால் அவர் சும்மா பேசியதே கிடையாது. சந்தை விலை நிலவரத்தைக்கூட இரண்டு கையையும் வீசித்தான் வாசிப்பார். விழா மலரின் அட்டையிலேயே அவர் கைவீசும் படம்தான் இருந்தது. இப்போது உயிர் போகிற மாதிரி கையை ஆட்டினாலும், ஐயா பழைய உற்சாகத்தில் பேசுகிறார் என்றுதான் ஊர் நினைக்கும்.

அடுத்து வந்த மூன்று பேர் அவரைக் கண்ணாடியோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர் கதவைக் குத்தினார். அவர்கள் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்கள். அவர் வாயில் வந்த வார்த்தைகளை எந்த வானொலியும் ஒலிபரப்பாது.

பத்தடி தள்ளி ஸ்டூலில் காவலாளி உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அவரை வேலைக்கு எடுத்தவர் மைக் ஐயாதான். அன்று சொல்லிக்கொடுத்தது ஒரே பாடம். "சிவப்பு விளக்கு எரிஞ்சா கதவைத் தொடக் கூடாது. யார் வந்தாலும் சரி, என்ன அவசரம்னாலும் சரி." அந்த மனிதர் இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவ்வளவு விசுவாசம்.

மணி மூன்றைத் தாண்டியது. சுவர்க் கடிகாரத்தின் சிவப்பு முள் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. மகள் வாசலில் நிற்பாள். அப்பாவுக்கு மைக் கிடைத்துவிட்டது, நம்மை மறந்துவிட்டார் என்று நினைப்பாள். அப்படி நினைப்பதற்கு அவளுக்கு எல்லா நியாயமும் உண்டு. மூன்று பத்து ஆனது. கதவை விட்டுவிட்டு, மைக் எதிரே இருந்த அந்தப் பழைய நாற்காலியில் போய் விழுந்தார். அதிலிருந்து நிமிர்ந்தால் நேர் எதிரே வட்டக் கண்ணாடி.

முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால் இதே நாற்காலியில்தான் இருந்தார். நேயர் கடித நேரம். நிகழ்ச்சி ஆரம்பித்ததும் தன் வீட்டுக் கோழிகள் கூண்டுக்குள் போய்விடுகின்றன, ஐயாவின் குரலைச் சூரியன் மறைவதாக நினைத்துவிட்டன போலும் என்று ஒருவர் எழுதியிருந்தார். வாசித்துவிட்டுச் சிரித்தார். நிமிர்ந்தபோது கண்ணாடியில் மகள்.

பதினான்கு வயது. பள்ளிச் சீருடை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி இருந்தது. காலையிலிருந்தே அவள் அம்மாவுக்கு மோசமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. பக்கத்தில் சுழல்மேஜையில் ஒரு பாட்டுத் தட்டு தயாராக இருந்தது. ஊசியை வைத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஊரில் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த கடிதத்தைப் பிரித்தார்.

கடமை என்று ஊர் சொன்னது. கடமையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பயம். எழுந்து கதவைத் திறந்தால் அவள் வாயைத் திறப்பாள். கடிதம் வாசிக்கிற வரைக்கும் மனைவி உயிரோடு இருந்தாள். இதோ முடிச்சுடறேன், இதோ முடிச்சுடறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே பதினெட்டு நிமிடம் வாசித்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, பத்து நிமிடத்துக்கு முன்னால் வரை உங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று நர்ஸ் சொன்னாள்.

மகளிடம் ஒரு பொய் சொன்னார். "உள்ள லைட் எரிஞ்சா அந்தக் கண்ணாடில வெளியில நிக்கறவங்க தெரியமாட்டாங்கம்மா. என் மூஞ்சிதான் எனக்குத் தெரியும். நீ வந்தது சத்தியமா தெரியாது." அவள் தலையாட்டினாள். அப்புறம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஊரோ, மனைவி சாகும்போதும் எழுந்திருக்காமல் கடிதம் வாசித்தவர் என்று அந்தக் கதையைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. விழா மலரில் பதினோராம் பக்கம் முழுக்க அதுதான். ஒரு தடவையாவது 'அதை எடுத்துடுங்க' என்று அவர் வாய் திறந்ததில்லை.

மூன்று இருபத்தைந்துக்குக் கண்ணாடியில் ஒரு முகம் வந்தது.

காதோரம் நரைத்திருந்தாள். தோளில் பயணப் பை. மேலே விளக்கைப் பார்த்தாள், பிறகு உள்ளே பார்த்தாள். அவளுக்குப் பின்னால் காவலாளி ஓடிவந்து கைகளை விரித்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

அவர் கையைத் தூக்கப் போனார். பாதியில் நின்றது.

இந்த நாற்காலியிலிருந்து அவளைக் கூப்பிட்டால், இந்த நாற்காலியிலிருந்து அவள் தெரிகிறாள் என்று ஆகிவிடும். குனிந்துகொண்டு மைக்கைப் பார்த்தால் அவள் போய்விடுவாள். முப்பத்தோரு வருடப் பொய் அலுங்காமல் குலுங்காமல் இருக்கும். இப்படி ஒரு கணக்குப் போட்டுப் பார்த்ததற்காக அந்தக் கணமே தன்னை வெறுத்தார். ஆனால் போட்டுப் பார்த்தார், அதை மறைத்துப் பயனில்லை.

மகள் போகத் திரும்பினாள்.

அவர் நேராக அவள் முகத்தைப் பார்த்துக் கையை நீட்டினார். வீசவில்லை. குழந்தையைக் கூப்பிடுவதுபோல் விரல்களை மடக்கி, "வா" என்றார். "குட்டிம்மா, வா."

அவள் அசையாமல் நின்றாள். அவர் கண்ணையே பார்த்தாள். காவலாளி அவளுக்கும் கதவுக்கும் நடுவே புகுந்தார். அவள் அவரை ஒதுக்கிவிட்டு, வெளிக் கைப்பிடியைத் திருகிக் கதவை இழுத்தாள்.

கதவு திறந்ததும் வெளியே இருந்த சத்தமெல்லாம் ஒன்றாக உள்ளே கொட்டியது. எதிர்க் கட்டடத்தில் யாரோ வாழ்த்துரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மனைவி மரணப் படுக்கையில் இருந்தபோதும் நேயர்களைக் கைவிடாத..."

மகள் கதவு சாத்தாமல் இருக்க அதன் இடையில் பையை வைத்தாள். உள்பக்கத்து நான்கு ஓட்டைகளைப் பார்த்தாள்.

"கைப்பிடி எங்கப்பா?"

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருக்காங்கம்மா. மாட்டிக்கிட்டேன்."

"நான் மூணு மணிலேர்ந்து வாசல்ல நின்னேன்."

"தெரியும்மா."

"கொஞ்சம் எழுந்துக்கறீங்களா?"

அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நிமிர்ந்து வட்டக் கண்ணாடியைப் பார்த்தாள். வெளியே காவலாளி, வேலை போய்விடுமோ என்ற கவலையில், உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் மீசைக்குச் சாயம் அடிச்சதுல ஒரு பக்கம் விட்டுப்போச்சு" என்றாள். "நல்லாத் தெரியுதுப்பா."

"ஆமாம்மா."

"அன்னிக்கு?"

"அன்னிக்கும் தெரிஞ்சுது. உனக்கு ஒரு பக்கத்துப் பின்னல் அவுந்திருந்துது." அவருக்குக் குரல் உடைந்தது. எத்தனையோ ஆயிரம் மணி நேரம் பேசிய குரல். "ஒரு பாட்டைப் போட்டுட்டு வந்திருக்கலாம். பக்கத்துலயே இருந்துது. பயந்துட்டேன். உன்கிட்ட பொய் சொன்னேன்."

அவள் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பேசியபோது மிகவும் மெதுவாகப் பேசினாள்.

"நான் தட்டலப்பா. தட்டக் கூடாதுன்னு சொன்னாங்க, பேசாம நின்னுட்டேன். உங்களுக்குத் தெரியலைன்னு சொன்னீங்களா... தட்டியிருந்தா நீங்க வந்திருப்பீங்க, அம்மா உங்களப் பாத்திருப்பாங்கன்னு... என் தப்புன்னே இருந்தேன். இத்தன வருஷமா."

தான் மட்டும்தான் அந்தப் பதினெட்டு நிமிடத்துக்குள் அடைபட்டுக் கிடப்பதாக நினைத்திருந்தார். பெண்ணையும் உள்ளே தள்ளிச் சாத்தியது அவருக்குத் தெரியாது. "உன் தப்பு இல்லம்மா" என்றார். எவ்வளவு சின்ன வாக்கியம். அதைச் சொல்ல முப்பத்தோரு வருடம் ஆகியிருக்கிறது.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நீங்க கொஞ்சம் வெளியில இருங்கப்பா. ஒரு நிமிஷம். இதோ வந்துடறேன்."

அவர் பையைத் தாண்டி வெளியே வந்தார். கதவின் வெளிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடிப் பக்கம் திரும்பவில்லை. எடைக்கல் கதவை இழுத்தது, அவர் விடவில்லை. உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

மணி மூன்று நாற்பத்தெட்டு. நிலைய இயக்குநர் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். பின்னாலேயே ஃபியூஸ்.

"ஐயா, எல்லாரும் வந்தாச்சு! உங்களைத்தான் தேடிட்டு இருக்காங்க. வாங்க, வாங்க!"

மைக் ஐயா வாயில் விரலை வைத்தார். பிறகு அதே விரலால் கதவுக்கு மேலே காட்டினார்.

"சத்தம் போடாதீங்க. விளக்கு எரியுது, தெரியல? உள்ள ஆள் இருக்கு."