மண்கும்பானில் நின்ற கார்

யாகப்புவின் மகள் நிலக்சனாவுக்குக் கலியாணம் என்றதும், பொம்பிளையை என் காரில்தான் அல்லைப்பிட்டித் தேவாலயத்துக்குக் கொண்டுபோவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. யாகப்பு ஊர்காவற்றுறையில் கடற்றொழில் செய்பவன். என் நெடுநாள் சிநேகிதன். பழைய சோமசெட் கார் ஒன்றை ஏற்கெனவே பேசி வைத்திருந்தான்.

"அந்தத் தகரப்பெட்டியிலயோ பிள்ளையை ஏத்தப் போறீர்?" என்றேன்.

"அது ஒருநாளும் வழியில நிண்டதில்லை அண்ணை."

என் புதுக் கார் கொழும்பிலிருந்து வந்து இரண்டு மாதம். கிட்டப் போனால் கதவின் கைப்பிடி தானாக வெளியே வரும். கதவுப் பலகை கடகடத்தது. அதை நான் றோட்டின் குற்றம் என்று எல்லோருக்கும் விளக்கி வந்தேன்.

கலியாணத்தன்று காலை நான் ஓட்ட, பக்கத்தில் யாகப்பு. பின்னால் நிலக்சனாவும் தாய் அல்போன்சம்மாவும். மண்கும்பான் தாண்டும்போது, காரை இயக்கும் தொடுதிரை கறுத்தது. கார் நின்றது. குளிரூட்டியும் நின்றது. கதவு திறக்கவில்லை, கண்ணாடியும் இறங்கவில்லை.

"காரோட வந்த புத்தகத்தில என்ன செய்யிறதெண்டு இருக்கும்," என்றான் யாகப்பு.

"புத்தகம் இந்தத் திரைக்குள்ளதான் இருக்கு."

உள்கைப்பிடியைப் பலமாக இழுத்தேன். அது கையோடு வந்தது. பார்த்தால் பிளாஸ்ரிக், என் வீட்டு வாளிப்பிடி இதைவிட உறுதி.

காரை விற்ற கொழும்பு நிறுவனத்துக்குப் போன் எடுத்தேன். திங்கட்கிழமை ஆள் அனுப்புவார்களாம்.

"அம்மா, எனக்கு மூச்சு முட்டுது," என்றாள் நிலக்சனா.

அப்போதுதான் ஊர்ப் பெடியன் டெனிஸ்ரன் உழவு இயந்திரத்தில் விருந்துக்குக் கதிரைகள் ஏற்றிக்கொண்டு வந்தான். எங்களைக் கண்டு இறங்கி, சில்லுக் கழற்றும் இரும்புச் சாவியை ஓங்கியபடி, "எந்தக் கண்ணாடியை உடைக்கிறது அண்ணை?" என்று வெளியே நின்று கத்தினான்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. உள்ளே ஒரு பிள்ளைக்கு வியர்த்து ஊற்றுகிறது, நான் எந்தக் கண்ணாடி மலிவு என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"உந்தக் கண்ணாடியை உடையடா!" என்று யாகப்பு பக்கத்து முன்கதவைக் காட்டி அல்போன்சம்மாதான் கத்தினார்.

உடைந்த கண்ணாடி விளிம்பில் டெனிஸ்ரன் தந்த சாக்கை மடித்துப் போட்டு, யாகப்பு முதலில் இறங்கினான். நிலக்சனா முன்னிருக்கைக்குத் தாவி, யன்னலால் வெளியே வந்தாள். முக்காடு ஒரு முழம் கிழிந்தது. அழுவாள் என்று நினைத்தேன். வெளியே நின்று முதல் மூச்சை இழுத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். உழவு இயந்திரப் பெட்டியில் கதிரை ஒன்றை விரித்து, பூங்கொத்தை மடியில் வைத்து, அரசியைப் போல அமர்ந்து போனாள். நான் அவள் காலடியில் இருந்து போனேன். பூசை அரைமணி பிந்தினாலும் குறையில்லாமல் நடந்தது.

விருந்தில் சோற்றைப் பிசையும்போது அந்தக் கொழும்பு நிறுவனத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை போன் எடுத்தாள். எங்கள் சேவைக்கு ஐந்தில் எத்தனை புள்ளி தருவீர்கள் என்று கேட்டாள். சுற்றிலும் எல்லோரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். இரண்டு மாதமாக இந்தக் காரைப் பற்றி அளந்தவன், இப்போது என்ன சொல்ல?

"அஞ்சு," என்றேன்.

யாகப்புவுக்குப் புரையேறிவிட்டது.