கடலுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

அந்தச் சுற்றுலா அலுவலகத்தில் மூன்று மேசைகள். வாசலை ஒட்டியதில் விமான டிக்கெட், நடுவில் மலைப் பயணங்கள், ஏசி நேராக உச்சந்தலையில் அடிக்கும் கடைசி மேசையில் கடற்கரை ரிசார்ட்டுகள். அந்தக் கடைசி மேசையில் பதினோரு வருடமாக ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்குக் 'கடல் மேடம்' என்றே பேர் விழுந்துவிட்டது. முதல் தடவை கடலுக்குப் போகிறவர்கள் யாராக இருந்தாலும் முதலாளி கையைக் காட்டுவார்: "அங்க போங்க. அந்தம்மாவுக்குக் கடல்னா தண்ணி பட்ட பாடு."

அந்தம்மா கடலைப் பார்த்ததே இல்லை.

இதை அவள் மறைத்தாள் என்று சொல்ல முடியாது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தம்பதி போய்விட்டு வந்து, "முதல் வரிசை ரூம் எடுத்தோம், கண்ணு முன்னால கடல்" என்றார்கள். அதை அடுத்து வந்தவருக்குச் சொன்னாள். அவர் திரும்பி வந்து சொன்னதை அதற்கடுத்தவருக்குச் சொன்னாள். இப்படி இவர் வாயிலிருந்து அவர் காதுக்கு மாற்றி மாற்றி ஊற்றியதில் பதினான்கு யோசனைகள் சேர்ந்தன. 'கடலுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு' என்று தலைப்புப் போட்டு ஒரு தாளில் அச்சடித்து, டிக்கெட்டோடு ஒவ்வொருவருக்கும் கொடுத்தாள். கடலோ அவள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். வீட்டுக்காரருக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் ஊரிலுள்ள லிஃப்டெல்லாம் நடுவழியில் நிற்கும். போகவே வாய்க்கவில்லை.

அப்போதுதான் புதிதாகத் திறந்த ஒரு ரிசார்ட்டிலிருந்து அழைப்பு வந்தது. சுற்றுலா அலுவலகத்துக்காரர்கள் இரண்டு பேர் வந்து இரண்டு இரவு தங்கிப் பார்க்கலாம், செலவு அவர்களுடையது. முதலாளிக்கு இடுப்புப் பிடிப்பு. "நீங்களே போய்ட்டு வாங்க. உங்களுக்கென்ன, பாக்காத கடலா?" என்றார்.

"ஆமா சார்" என்றாள்.

வீட்டுக்காரருக்கு அந்த வாரம் ஓர் ஆஸ்பத்திரியின் மூன்று லிஃப்ட்டும் கையில் இருந்தன. தன் தங்கையைத் துணைக்கு அனுப்பினார். நாத்தனார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். நாள் முழுக்க ஊசி குத்துகிற கை. நாக்கும் கொஞ்சம் அப்படித்தான். பஸ் கிளம்பியதும் அண்ணியின் பையிலிருந்து தாளை எடுத்து ஒன்று விடாமல் படித்தாள்.

"அண்ணி, இதுல நீங்க செஞ்சு பாத்தது எது?"

"ஒண்ணும் இல்ல. சும்மா வா."

"ஊருக்கு உபதேசமா? நல்லா இருக்கே! எங்க லேப்ல இப்படி ரிப்போர்ட் குடுத்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

ரிசார்ட்டில் இறங்கியபோது முதலில் கேட்டது சத்தம்தான். தென்னை வரிசைக்கு அந்தப் பக்கம் ஏதோ பெரிய மெஷின் ஓடுகிறது என்று நினைத்தாள். நாலு எட்டு வைத்ததும் மரங்கள் விலகின. பதினோரு வருடமாகப் படத்தில் பார்த்த கடல் பளீரென்று நீலமாக, சொன்ன பேச்சைக் கேட்டு அசையாமல் இருக்கும். இது பச்சையும் சாம்பலுமாக, ஒரு நொடி சும்மா இராமல் புரண்டுகொண்டிருந்தது. முடிவென்று ஒன்றே இல்லை. தோளில் தொங்கிய பையை இறக்கி வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

"என்ன அண்ணி, பேச்சையே காணோம்?"

"இவ்வளவு பெருசுன்னு யாருமே சொல்லலையே" என்றாள் அவள்.

யோசனை ஒன்று: கடலைப் பார்த்த முதல் வரிசை அறையைக் கேட்டு வாங்கவும். கேட்டு வாங்கினார்கள். காற்று கதவை விடாமல் தட்டியது, அலை காதுக்குள்ளேயே உடைந்தது. போர்வை, தலையணை எல்லாம் பிசுபிசுத்தன. காலையில் இரண்டு பேர் கண்ணும் சிவந்து கிடந்தன. யோசனை நான்கு: காலை ஆறிலிருந்து எட்டுக்குள் குளிக்கவும், கடல் அமைதியாக இருக்கும். ஆறரைக்குத் துண்டும் தோளுமாகப் போனார்கள். கடல் அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் கூப்பிடு தூரத்துக்கு அப்பால் இருந்தது. நடுவில் சேறும் பாசி பிடித்த பாறையும். யோசனை ஏழு, மணலில் செருப்பு வேண்டாம் என்றது. நாலாவது அடியிலேயே கிளிஞ்சல் நாத்தனாரின் குதிகாலைப் பதம் பார்த்தது.

"அண்ணி, அந்த ஏழாம் நம்பரை எழுதினவங்க யாரு?" என்று ஒற்றைக்காலில் நின்றபடி கேட்டாள்.

அதற்குப் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "கடல் மேடம்! நீங்களா!"

பெரிய தொப்பியும் அரைக்கால் சட்டையுமாக ஒரு பெரியவர். போன வாரம் அவள் மேசைக்கு வந்து போனவர். பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்ற வாத்தியார். பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி. வாத்தியார் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக அந்தத் தாள்.

"நீங்க சொன்னபடியேதான் எல்லாம் செய்றோம். முதல் வரிசை ரூம், காலைக் குளியல், வெள்ளை உடுப்பு, ஒண்ணும் விடல" என்றார்.

"தூங்கினீங்களா சார்?"

"சுத்தமா இல்ல" என்றார் வாத்தியார் சந்தோஷமாக. "இப்ப தண்ணி வத்தியிருக்கும்னு எனக்கு நேத்தே தெரியும். ஏற்றம், வத்தம் எல்லாம் கணக்குப் போட்டேன். இருந்தாலும் நீங்க ஆறுலேர்ந்து எட்டுன்னு எழுதியிருந்தீங்க. நான் பாடம்தானே நடத்தினேன், நீங்க எத்தனை தடவை இறங்கி ஏறினவங்க! அதான் என் கணக்கை ஒதுக்கி வச்சுட்டு வந்துட்டேன்."

அவளுக்குத் தேள் கொட்டினாற்போல் இருந்தது. நாத்தனார் குதிகாலைத் தேய்ப்பதுபோல் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

"ஒரு உபகாரம் பண்ணணும்" என்றார் வாத்தியார். "இவளுக்குத் தண்ணின்னா பயம். பத்து மணிக்குத் தண்ணி ஏறிடும். நீங்க கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனா தைரியமா வருவா."

"நீங்க இருந்தா வர்றேம்மா" என்று அந்த அம்மாளும் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

பத்து மணிக்குக் கடல் திரும்பி வந்திருந்தது. வாத்தியாரும் நாத்தனாரும் கரையோரமாக நின்றுகொண்டார்கள். இறங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். பிடித்த பிடியை விடாத அந்தக் கையைப் பார்த்ததும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். கணுக்கால், முழங்கால். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. காலுக்கடியில் மணல் யாரோ உருவுகிற மாதிரி நழுவியது. "இன்னும் கொஞ்சம் போலாமா மேடம்?" என்றார் அந்த அம்மாள். "போலாமே" என்று அவருக்கு முகத்தைக் காட்டிக் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

அலை வந்ததை அவள் பார்க்கவில்லை. வானம் கீழேயும் மணல் மேலேயுமாகப் போனது. மூக்கு, காது, வாய் எல்லாம் உப்பு. கையை மட்டும் இரண்டு பேரும் விடவில்லை. நிமிர்ந்தபோது முழங்கால் ஆழத்தில், ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள்.

"இது எப்பவும் இப்படித்தானா மேடம்?" என்று இருமலுக்கு நடுவே கேட்டார் அந்த அம்மாள்.

"எனக்கெப்படிம்மா தெரியும்? நானே இன்னைக்குத்தான் மொதமொதல்ல கடல்ல கால் வைக்கிறேன்!"

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. தலைக்கு மேல் போன வெள்ளம் சாண் என்ன, முழம் என்ன. அங்கேயே உட்கார்ந்தபடி மற்றதையும் சொல்லி முடித்தாள்: பதினோரு வருடம், மேசை, கேள்விப்பட்டதையெல்லாம் கோத்த தாள். "மன்னிச்சுக்குங்க சார். உங்க கணக்குதான் சரி. நான் எழுதினது எல்லாம் கேள்வி ஞானம்."

வாத்தியார் தொப்பியைக் கழற்றினார். கோபப்படப் போகிறார் என்று அவள் குனிந்துகொண்டாள். அந்த அம்மாளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "என்னங்க, நீங்களும் சொல்லிடுங்க. அவங்களே சொல்லிட்டாங்க."

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "முப்பத்திரண்டு வருஷம் கடலைப் பத்திப் பாடம் நடத்தினேன். அலை, நீரோட்டம், ஆழம் எல்லாம் போர்டுல வரைஞ்சு காட்டுவேன். நேர்ல பாத்தது நேத்து சாயங்காலம்தான்."

"பாத்ததும் என்ன சொன்னார்னு கேளுங்க" என்றார் அந்த அம்மாள்.

"என்ன சொன்னீங்க சார்?"

"'போர்டு பத்தாது'ன்னு சொன்னேன்."

நாத்தனார் மணலில் விழுந்து சிரித்தாள். அதற்குள் கடலில் குளிப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் காவல் பெண் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தாள். மஞ்சள் பனியன், வெயிலில் கறுத்த முகம். எல்லாருக்கும் ஒன்றுமில்லை என்று பார்த்த பிறகுதான் இடுப்பில் கை வைத்தாள். "முதுகைக் காட்டிட்டு நின்னா அது தள்ளத்தான் செய்யும். கடலைப் பாத்துப் பக்கவாட்டுல நில்லுங்க. சின்ன அலைன்னா குதிங்க, பெரிய அலைன்னா மூக்கைப் பிடிச்சுக் குனிங்க. சிவப்புக் கொடி பறந்தா கரையோட நிறுத்திக்குங்க. கால்ல ரப்பர் செருப்பு இல்லாம இந்தப் பக்கம் வரவே கூடாது."

"அப்படிச் சொல்லுங்க!" என்றாள் நாத்தனார். காலையில் கிளிஞ்சல் குத்தியதிலிருந்து கால் விரலைக்கூட நனைக்க மாட்டேன் என்றவள், கரையில் ஒரு நிமிடம் நின்று யோசித்தாள். "அலை ஓய்ஞ்சா கடலாட முடியும்?" என்று யாரையும் கேட்காமல் கேட்டுவிட்டுத் தடதடவென்று ஓடி விழுந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு அவளைக் கெஞ்சி, மிரட்டி, கடைசியில் காவல் பெண்ணை விசில் ஊதச் சொல்லித்தான் கரையேற்ற வேண்டியிருந்தது.

சாயங்காலம் நான்கு பேரும் வராந்தாவில் உட்கார்ந்து தாளை நடுவில் வைத்துக்கொண்டார்கள். வாத்தியார் சிவப்பு மை பேனா வைத்திருந்தார்; பழக்க தோஷம். முதல் வரிசை அறை: அடி. மூன்றாவது வரிசை என்று எழுதினார். வெள்ளை உடுப்பு: அந்த அம்மாள் தன் புடவை முந்தானையை விரித்துக் காட்டினார், அது மண் நிறத்துக்கு மாறியிருந்தது. அடி. குளிக்கும் நேரம்: 'அன்று கடல் ஏறும் நேரத்தைக் கடற்கரைக் காவலரிடம் கேட்கவும்.' சன்ஸ்கிரீன் முகத்துக்கு என்றிருந்ததைப் பாதத்தின் மேல்பக்கத்துக்கும் காதுக்கும் என்று நாத்தனார் திருத்தினாள். அவள் காது அப்பளமாகச் சிவந்திருந்தது. தேறியது ஒன்பதாவது மட்டும்: போய்ச் சேர்ந்த அன்று எந்தத் திட்டமும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

"இது யார் சொன்னது அண்ணி?"

"இது நானா யோசிச்சு எழுதினது."

"அதான் உருப்படியா இருக்கு."

அவளுக்குக் காது வரை சிரிப்பு வந்தது. பதினோரு வருடமாகக் கல்லைக் கட்டித் தூக்கிக்கொண்டு நடந்தவள்போல் இருந்தவள், நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த நாள் பதினோரு மணிக்குப் பஸ் நிலையத்துக்கு வேன். பத்தே முக்காலுக்கு நான்கு பேரும் இடுப்பளவு தண்ணீரில் இருந்தார்கள். முந்தின நாள் காவல் பெண் சொல்லிக் கொடுத்தபடி அந்த அம்மாள் மல்லாந்து படுத்திருந்தார். முதுகுக்குக் கீழே கடல் மேடத்தின் இரண்டு கையும்.

"விட்டுடாதீங்கம்மா."

"விடுவேனா?"

அந்த அம்மாள் கண்ணை மூடினார், மூச்சை இழுத்தார். தலைமயிர் தண்ணீரில் விரிந்தது. உடம்பு இலேசாகி உள்ளங்கையிலிருந்து கனம் போய்விட்டதை உணர்ந்து, கடல் மேடம் ஒரு கையை எடுத்தாள். கொஞ்சம் பொறுத்து மற்றதையும் எடுத்தாள். வாத்தியார் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பிடிச்சிருக்கீங்களா?"

"பிடிச்சிருக்கேம்மா" என்றாள் அவள், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியபடி.

தென்னைகளுக்கு அந்தப் பக்கம் வேன்காரர் ஹாரன் அடித்தார். நாத்தனார் தண்ணீரிலிருந்தே கத்தினாள்: "அண்ணே, இன்னும் ஒரு அலை!"